மெகாவாட் இருக்கட்டும், முதலில் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

பெறுநர்: புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், புது தில்லி, லடாக் ஒன்றியப் பிரதேச நிர்வாகம், லே.

பொருள்: புகா பள்ளத்தாக்கின் புவிவெப்பத் தேக்கமும் உரிம நிபந்தனைகளும்.

ஐயா, அம்மையீர்,

வணக்கம். 2025 செப்டம்பரில் வெளிவந்த தேசியப் புவிவெப்பக் கொள்கையை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் அதையொட்டி நடக்கும் பேச்சிலெல்லாம் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது: நாட்டின் 381 வெந்நீர் ஊற்றுப் பகுதிகளிலிருந்து 10,600 மெகாவாட். இந்த எண்ணை வைத்துக்கொண்டு யாராவது லடாக்கின் புகாவிலோ சத்தீஸ்கரின் தாதாபானியிலோ ஆலையின் அளவை நிர்ணயித்துவிடுவார்களோ என்பதுதான் எங்கள் கவலை.

இப்படிப்பட்ட எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று பாருங்கள். 4 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1 கிலோமீட்டர் தடிமன், 200 டிகிரி வெப்பம் என்று ஒரு தேக்கத்தை, அதாவது நிலத்தடியில் வெந்நீரோ ஆவியோ நிறைந்த சூடான பாறைப் பகுதியை, வைத்துக்கொள்வோம். அதை 100 டிகிரி வரை ஆறவிட்டால் வெளிவரும் வெப்பம் தோராயமாக 1-க்குப் பின் 18 சுழியம் போட்ட ஜூல். அதில் மேலே எடுக்க முடிவது 10 சதவீதம், எடுத்ததில் மின்சாரமாவது 10 சதவீதம், ஆலையின் ஆயுள் 30 ஆண்டு என்றால் விடை 11 மெகாவாட். 'மேலே எடுக்க முடிவது' 5 சதவீதம் என்றால் ஐந்தரை. 20 சதவீதம் என்றால் 22. அந்த ஒரு விகிதத்தைத் தீர்மானிப்பது பாறைக்குள் வெடிப்புகள் எப்படி இணைந்திருக்கின்றன, தண்ணீர் எங்கிருந்து எவ்வளவு வேகத்தில் வந்து சேர்கிறது என்பவை. இரண்டையும் மேலே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. எடுக்கத் தொடங்கிய பிறகு அழுத்தம் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். புவிவெப்பக் கிணறும் ஊறும், ஆனால் நாம் இறைக்கிற வேகத்தில் ஊறும் என்று எழுதித் தந்தவர் யாருமில்லை. உலகின் இரண்டு மூத்த வயல்கள் இந்த விஷயத்தில் எதிரெதிராக நடந்துகொண்டதை உரிமம் தருபவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, நியூசிலாந்தின் வைராக்கி. வெந்நீர் நிறைந்த தேக்கத்தில் அமைந்த முதல் பெரிய மின்நிலையம். 1958-ல் ஓடத் தொடங்கியது. எடுத்த தண்ணீரை நிலத்துக்குள் திருப்பி அனுப்பவில்லை. ஆவியைப் பிரித்துவிட்டு மீதியை வைக்காட்டோ ஆற்றில் விட்டார்கள். முதல் இருபது ஆண்டுக்குள் தேக்கத்தின் அழுத்தம் சுமார் 25 பார் இறங்கியது (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல் மட்டத்துக் காற்றழுத்தம்). பிறகு ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. காரணம், அழுத்தம் இறங்க இறங்க ஆழத்திலிருந்து புதிய வெந்நீர் அதிகமாக ஏறி வந்தது. மேல்பகுதியில் தண்ணீர் இறங்கிய இடத்தை ஆவி நிரப்பி, தனியாக ஓர் ஆவி மண்டலமே உருவானது. வைராக்கி இன்றும் ஓடுகிறது. ஆனால் சும்மா ஓடவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கின் கெய்சர் ஊற்றுகள் அடங்கிப் போயின. ஓரிடத்தில் நிலம் ஏறத்தாழ 15 மீட்டர் தாழ்ந்தது.

இரண்டாவது, கலிஃபோர்னியாவின் 'தி கெய்சர்ஸ்'. இங்கே தேக்கத்தில் இருப்பது பெரும்பாலும் ஆவி; தொடக்க அழுத்தம் 35 பார் அளவு, வெப்பம் 240 டிகிரி அளவு. 1960-ல் 11 மெகாவாட்டில் தொடங்கி, 1980களின் இறுதியில் நிறுவுதிறன் 2,000 மெகாவாட்டை எட்டியது. ஒரே தேக்கத்தின் மேல் பல குத்தகைதாரர்கள். ஆளாளுக்கு ஆலை கட்டினார்கள். அடியில் இருந்ததோ கிட்டத்தட்ட மூடிய பெட்டி. வெளியிலிருந்து பெரிதாக எதுவும் வந்து சேரவில்லை. எடுத்த ஆவியில் ஏறக்குறைய முக்கால் பங்கு கூலிங் டவர் வழியாக வானத்துக்குப் போனது. 1990களின் கடைசியில் நிறுவியதில் பாதி அளவுக்குத்தான் மின்சாரம் வந்தது.

அழுத்தம் கொஞ்சம் இறங்கினால் உற்பத்தி ஏன் இவ்வளவு விழுகிறது? ஆவிக் கிணற்றின் வரத்து, தேக்க அழுத்தத்தின் வர்க்கத்திலிருந்து கிணற்றுத்தலை அழுத்தத்தின் வர்க்கத்தைக் கழித்து வரும் எண்ணைப் பொறுத்தது. கிணற்றுத்தலையில் 8 பார் வைத்திருக்கிறோம் என்றால், தேக்கம் 35 பாராக இருக்கும்போது அந்த எண் 1,161. 25 பாரானால் 561. அழுத்தம் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆவியோ பாதிக்கும் கீழே போய்விடுகிறது. புதிய கிணறு தோண்டினாலும் அதே பெட்டியிலிருந்துதான் வரும், பக்கத்துக் கிணறு இன்னும் இளைக்கும். அந்த வயலைக் கடைசியில் தாங்கிப் பிடித்தது ஊர்க் கழிவுநீர். சுத்திகரித்த கழிவுநீரை 1997-லிருந்து லேக் கவுன்டியிலிருந்தும், 2003-லிருந்து சான்டா ரோசாவிலிருந்தும் குழாய் போட்டுக் கொண்டுவந்து நிலத்துக்குள் இறக்கினார்கள். சான்டா ரோசா குழாய் மட்டும் நாளொன்றுக்கு 4 கோடி லிட்டர் அளவுக்குத் திட்டமிடப்பட்டது. வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு பாறையில்தான் இருக்கிறது. அங்கே தீர்ந்துபோனது தண்ணீர், சூடு அல்ல. இந்தப் புரிதல் முப்பது ஆண்டு தாமதமாகச் செயலுக்கு வந்தது.

புகா இவற்றில் எந்த வகை? திறந்த தேக்கமா, மூடிய பெட்டியா? 1970களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே 34 ஆழ்துளைகள் போட்டது. மிக ஆழமானது சுமார் 385 மீட்டர். அதிகபட்ச வெப்பம் 140 டிகிரி அளவு. நீரின் வேதியியலை வைத்துக் கணித்தால் ஆழத்தில் 200 டிகிரிக்கு மேல் இருக்கலாம் என்று வருகிறது. நல்ல அறிகுறிகள்தான். ஆனால் மேலேயுள்ள கேள்விக்கு இவை எதுவும் பதில் சொல்லாது.

ஒரு மெகாவாட் முன்னோடி ஆலையும் சொல்லாது. இந்த இடத்தில்தான் தவறு நடக்கக்கூடும் என்று நினைக்கிறோம். 140 டிகிரித் தண்ணீரை 70 வரை ஆறவைத்து, பைனரி இயந்திரத்தில் (வெந்நீரின் சூட்டால் எளிதில் கொதிக்கும் வேறொரு திரவத்தை ஆவியாக்கி டர்பைனைச் சுழற்றுவது) 10 சதவீதத் திறனில் ஓட்டினால், ஒரு மெகாவாட்டுக்கு விநாடிக்கு 34 கிலோ, அதாவது மணிக்கு சுமார் 120 டன் வேண்டும். ஒரு நல்ல கிணறோ இரண்டோ இதைத் தந்துவிடும். இவ்வளவு சிறிய இழுப்புக்குத் தேக்கத்தில் அழுத்தம் அசைவதே தெரியாமல் போகலாம். இரண்டு ஆண்டு ஓடிய பிறகு 'முன்னோடித் திட்டம் வெற்றி, இனி 100 மெகாவாட்' என்று கோப்பு நகரும். வெற்றி பெற்றது டர்பைன். தேக்கத்தை யாரும் இன்னும் சோதிக்கவே இல்லை.

ஆகவே முன்னோடிக் கட்டத்திலேயே, ஆலைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகமாகக் கிணறுகளைச் சில மாதங்கள் ஓடவிட்டு, எடுத்த தண்ணீரை வேறு கிணற்றில் இறக்கி, நடுவில் எதையும் எடுக்காத கிணறுகளில் அழுத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். இப்படிப்பட்ட நோக்குக் கிணறு என்பது செலவுக்குப் பயந்து பட்ஜெட்டிலிருந்து முதலில் வெட்டப்படும் இனம். அதை வெட்ட முடியாதபடி உரிமத்திலேயே எழுதுங்கள். கருவி ஒன்றும் பெரிய மர்மமில்லை: மெல்லிய ஸ்டீல் குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி, அடிமுனையில் ஒரு சிறு அறை வைத்து, நைட்ரஜன் நிரப்பினால், ஆழத்து அழுத்தம் மேலே இருக்கும் அளவியில் தெரியும். சூடான இடத்தில் மின்னணுக் கருவி இருக்கத் தேவையில்லை என்பது இதன் வசதி. ஒரு பாரில் நூறில் ஒரு பங்கு மாற்றம் தெரிந்தால்தான் பயன். மேலே குளிர்காலத்தில் மைனஸ் 30 வரை போகும் என்பதால் அளவிக்குச் சூடேற்றிய பெட்டி வேண்டும். பேட்டரியும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

ஓட்டச் சோதனையிலும் புகாவுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஆவியும் நீரும் கலந்து வரும் கிணற்றில் வரத்தை அளக்க, வெளியேற்றுக் குழாயின் உதட்டு அழுத்தத்தையும் (குழாயின் வெளிமுனையில் உள்ள அழுத்தம்), ஆவியைப் பிரித்து வானில் விடும் சைலன்சருக்குக் கீழே வாய்ப்பலகை என்ற தடுப்பில் வழியும் நீரின் உயரத்தையும் படித்து, ஜேம்ஸ் சூத்திரத்தில் போடுவது வழக்கம். சூத்திரம் கேட்பது முழு அழுத்தம். அளவி காட்டுவதோ காற்றழுத்தத்துக்கு மேலுள்ளது. கடல் மட்டத்தில் பழகியவர் கை தானாக 1.01 பாரைக் கூட்டும். 4,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 0.59 பார்தான். அளவி 1 பார் காட்டினால் உண்மை 1.59, கணக்கில் போவது 2.01. இந்த ஒரு தவறிலேயே கிணறு 25 சதவீதம் அதிகம் தருவதுபோல் அறிக்கை வந்துவிடும். பிரிந்து போகும் ஆவியின் கணக்கையும் 100 டிகிரிக்குப் போடாமல், அங்கே தண்ணீர் கொதிக்கும் 85 டிகிரிக்குப் போட வேண்டும். சோதனை அறிக்கையில் அன்றன்றைய காற்றழுத்தம் ஒரு பத்தியாக இல்லையென்றால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

கிணற்று வெப்பநிலைப் படங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு வெடிப்புகளைக் கிணறு இணைத்துவிட்டால், மூடி வைத்திருக்கும்போதுகூட ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளுக்குள்ளேயே தண்ணீர் ஓடும். அந்த நீளம் முழுதும் ஒரே வெப்பநிலை காட்டும்; அது பாறையின் வெப்பம் அல்ல, ஓடுகிற தண்ணீரின் வெப்பம். துளையிட்டு முடித்து, குளிர்ந்த நீர் செலுத்திச் சோதித்த பிறகு, கிணறு சூடாகும் காலத்தில் ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று அழுத்தப் படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எல்லாம் வெட்டிக்கொள்ளும் ஓர் ஆழம் தெரியும். முக்கிய வெடிப்பு அங்கேதான். தேக்க அழுத்தம் என்று எழுதவேண்டியது அந்த ஆழத்து எண்ணை மட்டுமே.

அடுத்து, தண்ணீரைத் திருப்பி அனுப்புவது. புகாவில் இது விருப்பத் தேர்வு அல்ல. அந்த மண்ணில் போராக்ஸ் வெளிப்படையாகவே படிந்து கிடக்கிறது. தண்ணீரில் போரான் மிகுதி. புகா ஓடை சிந்து நதியில் சேர்கிறது. வழியில் சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகள் அதைத்தான் குடிக்கின்றன. 2022-ல் துளையிடும்போது நிலத்தடி வெந்நீர் ஓடையில் கலந்த செய்தி எல்லோரும் படித்ததே. ஆனால் 'திருப்பி அனுப்ப வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. எங்கே என்பதில்தான் வயலின் ஆயுள் இருக்கிறது. உற்பத்திக் கிணற்றுக்கு மிக அருகில் இறக்கினால், ஆறிய நீர் ஒரே வெடிப்பு வழியாக ஓடிவந்து உற்பத்திக் கிணற்றையே குளிரவைக்கும். மிகத் தள்ளி இறக்கினால் சுற்றுச்சூழலுக்கு நல்லது, அழுத்தத்துக்கு ஒரு பயனும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழி தடங்காட்டிச் சோதனை: எளிதில் அடையாளம் காணக்கூடிய ஒரு பொருளை உள்ளே அனுப்பி, அது எங்கே, எப்போது வெளிவருகிறது என்று பார்ப்பது. நாப்தலீன் சல்ஃபோனேட் வகை உப்புகள் உயர்வெப்பத்தில் சிதையாதவை. நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் இருந்தாலும் ஆய்வகத்தில் தெரியும். ஒவ்வொரு மறுசெலுத்துக் கிணற்றுக்கும் வேறு வேறு உப்பு, ஒவ்வொன்றும் 50 முதல் 100 கிலோ, ஒரே மூச்சில் உள்ளே. பிறகு உற்பத்திக் கிணறுகளில் முதல் வாரம் சில மணிக்கொரு முறை, அப்புறம் தினமும், அப்புறம் வாரம் ஒருமுறை, குறைந்தது ஓராண்டு மாதிரி எடுக்க வேண்டும். பலர் மூன்று மாதத்தில் 'ஒன்றும் வரவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். மெதுவாக வரும் வாலில்தான் தேக்கத்தின் கொள்ளளவு பற்றிய செய்தி இருக்கிறது. இரண்டு நாளில் தடங்காட்டி பளிச்சென்று வந்துவிட்டால் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறக்குவதை நிறுத்துங்கள். தடங்காட்டி முதலில் வரும், குளிர் பின்னால் வரும். வழியிலுள்ள பாறை தன் சூட்டைக் கொடுத்து முடிக்கும்வரை அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசம் சில மாதங்களாகவும் இருக்கலாம், பல ஆண்டுகளாகவும் இருக்கலாம்.

தடங்காட்டி போடாத காலத்திலும் தண்ணீரே பேசும். 220 டிகிரி நீரை 6 பார் அழுத்தத்தில் செப்பரேட்டரில் பிரித்தால் சுமார் 13 சதவீதம் ஆவியாகும். மீதி நீரில் குளோரைடு 15 சதவீதம் கூடியிருக்கும். உற்பத்திக் கிணற்றில் குளோரைடு மெல்ல ஏறினால், நாம் அனுப்பியதுதான் திரும்பி வருகிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். குளோரைடு இறங்கினால் மேலிருந்து குளிர்ந்த நிலத்தடி நீர் புகுகிறது. ஒரு கிலோவுக்கான வெப்ப அளவு ஏறிக்கொண்டே போனால் கிணற்றைச் சுற்றித் தேக்கம் கொதிக்கத் தொடங்கிவிட்டது. ஆலைக்காரருக்கு இது கொண்டாட்டம், அதிக ஆவி. தேக்கத்தைப் பார்ப்பவருக்கு இது அழுத்தம் விழுகிறது என்ற அறிவிப்பு. பைனரி ஆலையில் நீர் ஆவியாகாமலே சுற்றினால் குளோரைடு மாறாது, அங்கே தடங்காட்டிதான் ஒரே வழி.

கிணற்றுத்தலை அழுத்தம் விழுந்தால் உடனே தேக்கத்தைக் குற்றம் சொல்லவும் கூடாது. கார்பன் டை ஆக்சைடு உள்ள நீர் கிணற்றுக்குள் எந்த ஆழத்தில் கொதிக்கத் தொடங்குகிறதோ அங்கே வாயு பிரிந்து, காரத்தன்மை ஏறி, சுண்ணாம்பு படியும். மூடி வைத்தால் அழுத்தம் பழையபடியே நிற்கிறது, திறந்தால் வரத்து இல்லை என்றால் அடைப்பு. மூடினாலும் அழுத்தம் குறைந்தே நிற்கிறது என்றால் தேக்கம். அடைப்புக்கு மருந்து, கொதிக்கும் ஆழத்துக்குக் கீழே மெல்லிய குழாய் வழியாகத் தடுப்பு வேதிப்பொருள் சொட்டவிடுவது. மறுசெலுத்தும் பக்கம் சிலிக்காவின் தொல்லை: தேக்க வெப்பத்திலிருந்து சுமார் 100 டிகிரிக்கு மேல் ஆறவைத்தால் படியத் தொடங்கும் என்பது வயல்களில் பழகிய தோராயக் கணக்கு. 'இன்னும் பத்து டிகிரி ஆறவைத்தால் இன்னும் கொஞ்சம் மின்சாரம்' என்று இழுப்பவர்கள், மறுசெலுத்துக் கிணற்றைப் புதிதாகத் தோண்டும் செலவையும் சேர்த்துப் பார்க்கட்டும். குளிர்காலத்தில் பம்ப் நின்றால் குழாயில் நிற்கும் நீர் தானாக வடிந்து விடும்படி சரிவு வைக்க வேண்டும். இல்லையென்றால் பிப்ரவரியில் குழாய் வெடித்து, அந்தப் பழி மறுசெலுத்தல் மேலேயே விழும்.

நில அதிர்வு பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்ந்த நீர் பாறையைச் சுருக்குகிறது, அழுத்தம் பழைய பிளவுகளின் பிடியைத் தளர்த்துகிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பரில் 3.4 அளவு அதிர்வு வந்தது, நீர் செலுத்துவதை நிறுத்திய சில மணி நேரத்துக்குப் பிறகு. தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பர் 15 அன்று வந்த 5.5 அளவு நிலநடுக்கம், கடைசியாக நீர் செலுத்தி இரண்டு மாதம் கழித்து. 'அதிர்வு வந்தால் நிறுத்துவோம்' என்ற ஏற்பாடு மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இவை இரண்டும் இறுகிய பாறையை உயர் அழுத்தத்தில் பிளந்த திட்டங்கள். புகாவில் இயற்கையாகவே நீர் ஓடும் பாறை என்பதால் ஆபத்து அந்த அளவு இல்லை. ஆனாலும் ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்டியில் சாதாரண மறுசெலுத்தலிலேயே 2011-ல் 4-ஐ ஒட்டிய அதிர்வுகள் வந்தன. புகாவோ இந்தியத் தட்டும் ஆசியத் தட்டும் மோதி இணைந்த சிந்து தையல் மண்டலத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. உற்பத்திக்கு ஓராண்டு முன்பே நிலநடுக்கமானிகள் வைத்தால்தான், பின்னால் வரும் அதிர்வில் எது இயற்கை, எது நம்முடையது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

கொள்கையில் கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளைப் புவிவெப்பத்துக்குப் பயன்படுத்தும் யோசனையும் இருக்கிறது. காவிரிப் படுகையிலும் அப்படிப்பட்ட கிணறுகள் உண்டு என்பதால் தமிழ்நாட்டிலும் இந்தப் பேச்சு வரும். எண்ணெய்க் கிணற்றின் உற்பத்திக் குழாய் பெரும்பாலும் மூன்று அங்குலத்தை ஒட்டியது. புவிவெப்பக் கிணற்றில் ஒன்பதே முக்கால் அங்குலத்தை நெருங்கும் கேசிங் (கிணற்றின் உட்சுவர்க் குழாய்) போடுவார்கள். குழாய் ஒடுங்கினால் வரத்தும் ஒடுங்கும். 120 டிகிரி நீர் விநாடிக்கு 20 கிலோ கிடைத்து 70 வரை ஆறவைத்தாலும், 4,200 கிலோவாட் வெப்பத்திலிருந்து 400 கிலோவாட் மின்சாரம் வந்தால் பெரிது. அதில் பம்ப் எடுத்துக்கொள்வது போக மீதி. உலர்த்தும் களம், குளிர்பதனக் கிடங்கு போன்ற நேரடி வெப்பப் பயன்பாட்டுக்கு யோசிக்கலாம். டெல்டாவில் நிலம் தாழ்வது எந்த அளவில் இருந்தாலும் பொறுக்க முடியாது என்பதால், எடுத்த நீர் முழுவதும் அதே படுகைக்குள் திரும்பப் போக வேண்டும்.

உரிமத்தில் நாங்கள் கேட்பவை இவைதான். ஒரு தேக்கத்துக்கு ஒரே நிர்வாகி. பள்ளத்தாக்கைப் பாகம் போட்டுப் பலருக்குக் கொடுக்காதீர்கள். விரிவாக்கம் படிப்படியாக: ஒரு கட்டம் ஓடி, சில ஆண்டுகளின் அழுத்தப் பதிவோடு கணினி மாதிரி ஒத்துப்போன பிறகே அடுத்த கட்டம். மாதிரி என்றால், உற்பத்திக்கு முன்பிருந்த வெப்பநிலையையும் ஊற்றுகளின் வரத்தையும் முதலில் அது தானாகக் காட்ட வேண்டும். பிறகு ஓட்டச் சோதனையின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். இரண்டிலும் தோற்ற மாதிரி முப்பதாண்டு எதிர்காலம் சொன்னால் கேட்கத் தேவையில்லை. கிணறுவாரியாக மாதந்தோறும் எடுத்த அளவு, திருப்பி அனுப்பிய அளவு, வெப்ப அளவு, அழுத்தம், குளோரைடு, போரான் ஆகியவை ஓராண்டுக்குள் பொதுவில் வர வேண்டும். பத்து ஆண்டுக்குள் மாற்றுக் கிணறுகள் தோண்ட வேண்டிவரும் என்பதால் அந்தப் பணம் முதல் நாளே திட்ட மதிப்பீட்டில் இருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று மட்டும் உரிமம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஊற்றுகளின் வரத்து, வெப்பம், குளோரைடு, போரான், நிலமட்ட அளவை, நில அதிர்வுப் பதிவு ஆகிய அடிப்படை அளவீடுகளுக்குத் துளையிடும் இயந்திரம் தேவையில்லை. புகாவில் வேலை செய்ய வசதியான மாதங்கள் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. வருகிற ஜூனில் தொடங்கினால் இரண்டு கோடையும் ஒரு குளிர்காலமும் கையில் இருக்கும். தவறவிட்டால், உற்பத்திக்கு முன் புகா எப்படி இருந்தது என்பதைப் பிறகு எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

இப்படிக்கு,
புவிவெப்பத் தேக்கப் பொறியியலில் பணிபுரியும் சிலர்